மேஸ்திரியின் கால்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நீயும் சில்லுவும் சுகமாக இருக்க வேண்டும். எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லிவிடாதே. வக்கீலம்மாவிடம் கொடுத்தால் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குத் தெரியவே வேண்டாம். எனக்கே தெரியாததை என் வாயிலிருந்து யாரும் பிடுங்க முடியாது.

முதலில் முக்கியமான சேதி. மேஸ்திரி உயிரோடு இருக்கிறான். இதைச் சில்லுவிடம் இப்போதே சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி. கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதே. குழந்தை காதில் விழக்கூடாதது இதில் நிறைய இருக்கிறது.

நீ ஓடிய நாளில் என் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் கீழே பட்டறையில் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். முகமூடி போட்டுவிட்டால் எனக்கு அந்த நெருப்புப் பொட்டைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. மெஷின் இரைச்சலில் உன் குரல் கேட்கவில்லை. மேஸ்திரி குரைத்தது கேட்டது. பிறகு என் மகன் அலறியது கேட்டது. அடுத்த நொடி, எனக்கு முன்னால் கிடந்த தகரத்தின்மேல் மாடியிலிருந்து ஏதோ தொப்பென்று விழுந்தது. மூட்டை என்று நினைத்தேன். முகமூடியைத் தூக்கிப் பார்த்தால் நம் நாய்.

உன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கையை மேஸ்திரி கவ்வினான், என் மகன் அவனைப் பின்னங்காலில் பிடித்துச் சுழற்றிப் படிக்கு மேலிருந்து எறிந்தான் என்று நீ சொன்னதாக வக்கீலம்மா சொன்னார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். கால் அந்த மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது.

நீ சில்லுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பு இல்லாமல், உதட்டில் ரத்தத்தோடு இறங்கி வந்தாய். நான் “ஓடும்மா” என்று கத்தினேன். உனக்குக் கேட்டதோ இல்லையோ. பின்னாலேயே என் மகன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். நான் கேட்டின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். என்னைச் சட்டையோடு பிடித்து எண்ணெய் டிரம்மில் மோதினான். அவன் தெருவுக்கு வருவதற்குள் நீ போய்விட்டாய். நீ எந்தப் பக்கம் திரும்பினாய் என்பது என் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று நான் தெருவுக்கே வரவில்லை.

நாய் டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினார். தொடை எலும்பு இரண்டாக முறிந்து, ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அறுத்து, நேராக்கி, இரும்புத் தட்டு வைத்து வரிசையாக ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. இவ்வளவு கெட்டியாகப் பூட்டியாகிவிட்டதே, சாயங்காலமே நடக்கலாம்தானே என்று கேட்டேன். அந்தம்மா, “ஐயா, தட்டு பிடிச்சு வைக்கத்தான். ஒட்ட வேண்டியது எலும்பு. அது ஒட்டறதுக்குள்ள இவன் ஒரு தடவை குதிச்சாலும் ஸ்க்ரூ பிடுங்கிக்கும்” என்றார். வெல்டிங் மாதிரி ஆறியதும் பிடித்துக்கொள்ளும் சமாசாரம் இல்லையாம். ஒன்றரை மாதமாவது கூண்டுக்குள் வைக்க வேண்டும் என்றார்.

கூண்டு நானே செய்தேன். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, “புலி வளர்க்கப் போறீங்களா?” என்று கேட்டார். அடியில் பழைய மெத்தை போட்டு, கால் வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்திருக்கிறேன். ஒன்றுக்குப் போகும்போது வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்து, பின்பக்கம் முழுக்க என் கையில் தொங்கும்படி தூக்கிக்கொண்டு போகிறேன். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டிவிட்டார்கள். குழாய் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு ஒட்டுக்கேட்க வந்தவன் மாதிரி இருக்கிறான். தண்ணீர்ச் சட்டி, கூண்டுக் கம்பி, என் முழங்கால் என்று எல்லாவற்றிலும் இடித்துவிட்டு என்னை முறைக்கிறான். என்னவோ நான்தான் குறுக்கே வந்தேன் என்கிற மாதிரி.

முதல் இரண்டு நாள் வலியில் முனகிக்கொண்டே இருந்தான். என் முதுகு வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நல்ல திட்டு வாங்கினேன். மனுஷர் மாத்திரை நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் அரித்துவிடுமாம். அவர் கொடுத்ததை மட்டும் முட்டையில் பிசைந்து கொடுக்கிறேன். தையல் சிவக்கவில்லை, சீழ் இல்லை. நன்றாக இருக்கிறது.

ஒன்றுதான் ஆறவில்லை. கூண்டைத் திறக்க நான் கையை உயர்த்தினால் போதும், அந்த நிழல் மேலே விழுந்ததும் அப்படியே சுருங்கித் தரையோடு ஒட்டிக்கொள்கிறான். அப்படிச் சுருங்குவதை நான் வேறொருவரிடமும் பார்த்திருக்கிறேன், உனக்குத் தெரியும். இப்போது உட்கார்ந்துகொண்டு, கையைக் கீழே இருந்து கொண்டுபோகப் பழகிவிட்டேன்.

என் மகன் ஒரு சிநேகிதன் அறையில் தங்கியிருக்கிறான். போலீஸ் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டது. கைக்கட்டோடு வந்து கேட்டை உதைத்தான். நான் பூட்டைத் திறக்கவில்லை. “எம் பொண்டாட்டிய ஒளிச்சு வெச்சிட்டு நாய்க்கு மருந்து போடறியா? ரெண்டு பேரையும் சேர்த்துக் கொளுத்தறேன்” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டுப் போனான். நீ பயப்பட வேண்டாம். பூட்டு நான் செய்த பூட்டு.

சில்லுவிடம், மேஸ்திரி விடுமுறையில் இருக்கிறான், பட்டறையில் யார் வேலையையும் இப்போது சுற்றிச் சுற்றி வந்து மேற்பார்வை பார்ப்பதில்லை என்று சொல். சிரிப்பாள்.

நலமாக இருங்கள் இருவரும்.

அன்புடன்,
மாமா

* * *

அன்புள்ள மருமகளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். விலாவில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். குனிந்து எழுத முடியவில்லை, படுத்தபடியே அட்டையை மார்பில் சாய்த்து எழுதுகிறேன். இந்தச் சேதியை வக்கீலம்மா வாயால் அரைகுறையாகக் கேட்பதைவிட நானே முழுசாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் நன்றாக இருக்கிறேன். மேஸ்திரியும் பிழைத்துக்கொண்டான். அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

மத்தியான வேளை. ஒருவர் ஜன்னல் கிரில்லை எடுத்துப் போக வண்டி கொண்டுவந்திருந்தார். ஏற்றி அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டாமல் வந்துவிட்டேன். மேஸ்திரிக்குக் காலை மெதுவாக மடக்கி நீட்டிவிடும் நேரம் அது. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். அதை முடித்து, அவனைக் கூண்டில் விட்டு நிமிர்ந்தால் என் மகன் நிற்கிறான்.

குடித்திருந்தான் என்று எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். குடிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, கையில் சில்லுவுக்கு ஒரு பொம்மை. “அப்பா, அவகிட்ட ஒரே ஒரு தடவை பேசணும்ப்பா. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு, போயிடறேன்” என்றான். குரல் அவ்வளவு பதமாக இருந்தது. எனக்கே ஒரு கணம் மனசு இளகிவிட்டது. அதனால் சொல்கிறேன், இத்தனை வருஷம் நீ அந்தக் குரலை நம்பியதில் உன் தப்பு ஒன்றுமில்லை.

தெரியாது என்றேன். மறுபடி கேட்டான். சத்தியமாகத் தெரியாது என்றேன். பொம்மையை என் முகத்தில் வீசினான். அது கீழே விழுவதற்குள் முஷ்டி வந்துவிட்டது. வாய்க்குள் பல் ஒன்று கழன்று புரண்டது. வேலை மேஜையின் விளிம்பில் மோதி விழுந்தேன். விழுந்தவனை உதைத்தான், ஒரே இடத்தில், விலாவில். உள்ளே முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒவ்வொரு உதைக்கும் “எங்க? எங்க?” என்று கேட்டான். நான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாலும் மூச்சு இல்லை. மேஸ்திரி கூண்டுக்குள் வெறிபிடித்தவன் மாதிரி கம்பியில் மோதிக்கொண்டிருந்தான். கழுத்து வளையம் உடைந்து பறந்தது.

என் மகன் உதைப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பினான். “உன்னை அடிச்சா நீ சொல்ல மாட்டே” என்றான். கூண்டைத் திறந்தான்.

இதை எழுதத்தான் நேற்றிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மேஸ்திரியைக் காதைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, தையல் போட்ட தொடையின்மேல் காலணியை வைத்தான். மிதிக்கவில்லை. அழுத்தினான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினான். ஒரு நாயின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. தையல் பிளந்து ரத்தம் சாக்கில் ஓடியது.

கேட்டுக்கு அறுத்து வைத்த இரும்புக் குழாய் ஒன்று என் கைக்கு எட்டியது. எப்படி எழுந்தேன் என்று ஞாபகம் இல்லை. அவன் முழங்காலுக்குக் கீழே முழு பலத்தோடு அடித்தேன்.

அந்த ஒரே அடியில் என் மகன் விழுந்துவிட்டான். நாயை விட்டுவிட்டான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதே காலில் இன்னொரு அடி அடித்தேன். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது முறையும் குழாயை ஓங்கினேன். அது காலுக்கு இல்லை, தலைக்கு. பக்கத்துக் கடைத் தையல்காரம்மா சத்தம் கேட்டு ஓடி வந்து வாசலில் நின்று “ஐயா!” என்று வீறிட்டார். கை நின்றது. அவர் அந்த நேரத்தில் வந்திருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை நான் வேறு இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

என் மகன் “அப்பா, அப்பா” என்றுதான் அலறினான். வேறு யாரைக் கூப்பிடுவான். குழாயைப் போட்டுவிட்டு, என் சட்டையைக் கிழித்து அவன் காலைக் கட்டினேன். அந்த நிலையிலும் என் கழுத்தைப் பிடிக்கக் கை நீட்டினான். அந்தக் கையைத் தள்ளிவிட்டுக் கட்டினேன். ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் நானே போன் செய்தேன்.

தையல்காரம்மாவை நீ சந்தித்தால் காலில் விழ வேண்டும். தன் கடையில் துணி வெட்டும் பலகையை எடுத்து வந்து, மேஸ்திரியை அசங்காமல் அதில் படுக்க வைத்து, துணித் துண்டுகளால் பலகையோடு சேர்த்துக் கட்டி, டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். வழியெல்லாம் மேஸ்திரி அவர் மணிக்கட்டைக் கவ்வியபடியே இருந்தானாம். பல் பதியவில்லையாம், பிடித்துக்கொண்டிருந்தானாம், அவ்வளவுதான். தட்டு வளையவில்லை, ஒரு ஸ்க்ரூ மட்டும் எலும்பை விட்டு வெளியே வந்துவிட்டது. மறுபடி மயக்கம் கொடுத்து, மறுபடி திறந்து, வேறு ஸ்க்ரூ போட்டார்கள்.

போலீஸ்காரர் என் படுக்கைக்கே வந்து எழுதிக்கொண்டார். இரண்டாவது அடியையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “பெரியவரே, தற்காப்புன்னு ஒரே வரியில முடிச்சுக்கலாம். அது எதுக்கு?” என்றார். எழுதுங்கள் என்றேன். என் மகன் செய்ததை நான் கோர்ட்டில் ஒன்று விடாமல் சொல்லப் போகிறேன். நான் செய்ததில் பாதியை விழுங்கிவிட்டு எப்படிச் சொல்வது?

நீ பதறிக்கொண்டு புறப்பட்டு வந்துவிடாதே. இங்கே கூட்டிப் பெருக்கி ஆகிவிட்டது. வந்து பார்க்க ஒன்றும் இல்லை.

அன்புடன்,
மாமா

* * *

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வக்கீலம்மாவிடம் சொல்லி அனுப்பிய வார்த்தைகள் கிடைத்தன. எனக்காக அழுதாய் என்றார்கள். அழ வேண்டாம். விலா கூடிவிட்டது. தும்மினால் மட்டும்தான் உயிர் போகிறது. பல் போன இடத்தில் காற்று புகுந்து, பேசும்போது விசில் வருகிறது. போனில் பேசுகிறவர்கள் யாரோ பின்னால் பாடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. நான் என் மகனைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் இருக்கிறான், கதவுக்கு வெளியே போலீஸ் காவல். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். வேறு யாரும் வரவில்லை என்று நர்ஸ் சொன்னார். பெற்றவன் ஆயிற்றே, சாப்பாடு கொண்டுபோனேன். “காலை ஊன விட்டுடாதீங்க ஐயா, தூக்கும்போது அடியில கையைக் கொடுங்க, காயத்தில சிவப்பு தெரிஞ்சா உடனே சொல்லுங்க” என்று நர்ஸ் வரிசையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. தெரியும் தெரியும் என்று தலையாட்டினேன். ஒரு கையில் கைவிலங்கோடு கட்டிலில் கிடந்தவனைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டினேன்.

முதலில் சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்றான். பிறகு ஒரு நாள் அழுதான். “அப்பா, நான் மாறிட்டேன்னு அவளுக்கு எழுதுப்பா. நீ எழுதினா நம்புவா. கேஸை வாபஸ் வாங்கச் சொல்லு” என்றான். அதே பதமான குரல். நான் தட்டைக் கழுவிக்கொண்டே, “நாய் எப்படி இருக்குன்னு நீ ஒரு நாள்கூடக் கேக்கலையேப்பா” என்றேன். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. “அந்தச் சனியன்தானே எல்லாத்தையும் ஆரம்பிச்சு வெச்சது” என்றான்.

ஆகவே அவன் கேட்டுக்கொண்டபடி எழுதிவிட்டேன், அவன் எழுதச் சொன்னதாக. மாறிவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். மாறவில்லை. கோர்ட்டில் நான் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லப் போகிறேன் என்பதையும் அன்றைக்கே அவனிடம் சொன்னேன். தண்ணீர்க் குவளையை என் நெற்றியைப் பார்த்து எறிந்தான். குறி தப்பிவிட்டது. மறுநாளும் சாப்பாடு கொண்டுபோனேன். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை.

இனி நல்ல விஷயம். மேஸ்திரியின் எலும்பு கூடிவிட்டது. புதுப் படத்தில் முறிந்த கோடே தெரியவில்லை, அந்த இடத்தில் எலும்பு தடித்து முடிச்சு விழுந்த மாதிரி இருக்கிறது. கூண்டைத் திறந்துவிட்ட முதல் நாள் வெளியே வரவே மாட்டேன் என்றான். வாசலில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கண்டுகொள்ளாமல் பட்டறையில் ஒரு கம்பியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், பின்னால் நின்று என் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்கு காலும் தரையில் இருந்தது, அம்மா. அந்தக் கால் லேசாக நடுங்கியது. ஆனாலும் ஊன்றியிருந்தது.

மேஸ்திரியை உங்களிடம் அனுப்புகிறேன். வக்கீலம்மா தன் காரிலேயே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் கூட வரவில்லை. இங்கே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் என் மகன் என்றைக்காவது ஜாமீனில் வெளியே வந்தால் முதலில் இங்கேதான் வருவான். இன்னொரு தடவை அந்தக் கூண்டுக் கதவை அவன் திறந்து நான் பார்க்க வேண்டாம்.

பார்த்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். இன்னும் சில மாதத்துக்குப் படி ஏற விடாதே, கட்டிலிலிருந்து குதிக்க விடாதே. சில்லு கட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் அவள் தரைக்கு வரட்டும். கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நட, அவன் இழுத்தாலும் ஓடாதே. மழைக்காற்று அடித்தால் அந்தக் கால் பிடித்துக்கொள்ளும், வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றிக்கொடு. சூடு உன் கையில் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு வை. தீனி அளவாகப் போடு, குண்டானால் பாரமெல்லாம் அந்த எலும்பின்மேல்தான். நான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறேன், டாக்டரம்மா காதுக்குப் போக வேண்டாம். யாராவது சத்தமாகக் கதவைச் சாத்தினால் நடுங்குவான். அப்போது தூக்காதே, அதட்டாதே, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு. அவனே வந்து உன்மேல் சாய்வான். எனக்கு அப்படித்தான் செய்வான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். யாராவது உன்னிடம் வந்து, மாமாவுக்கு முடியவில்லை, கடைசியாக ஒரு தடவை உன் முகத்தையும் பேத்தி முகத்தையும் பார்க்கத் துடிக்கிறார் என்று சொன்னால் வராதே. என் மகன் சொல்லி அனுப்பியதாகத்தான் இருக்கும். நானே சொல்லி அனுப்பியதாகத் தெரிந்தாலும் வராதே. சொல்லி அனுப்பக்கூடாது என்று உறுதியாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் வயசான மனுஷன், தனியாகக் கிடக்கும்போது ஒரு பலவீனத்தில் சொன்னாலும் சொல்லிவிடுவேன். என் கையெழுத்திலேயே வந்தாலும் நம்பாதே. நான் எவ்வளவு கெஞ்சியிருந்தாலும் வராதே, அம்மா.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. என் பேத்தி யாருக்கும் பயப்படாமல் வளரட்டும்.

என்றும் உன் மாமா